அப்பாவுக்கு நான் ஊத்தின தண்ணி

நரகத்தை எனக்கு முதல்முதலா காட்டினது ஒரு துணிப்படம். சுருட்டியே வச்சிருப்பாங்க. உபதேசியார் அதை ஆணியில மாட்டிக் கீழ அவிழ்த்து விடுற சத்தம் கேட்டாலே நான் முன்னால இருக்கிறவ முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்குவேன். தலை நரைச்சுப் போச்சு, பேரன் பேத்தி எடுத்தாச்சு, இன்னும் யாராவது பாயை உதறி விரிச்சா நான் திரும்பிப் பார்க்கிறேன். சிரிக்காதீங்க. உங்களுக்கு அந்தப் படத்தை யாரும் காட்டலை, அதனால சிரிப்பு வருது.

எங்க தேயிலைத் தோட்டம் இலங்கையில, மடுல்சீமைக்கும் மேல. ரோடுன்னு சொல்றது பேருக்குத்தான், மழை பெஞ்சா லொறி வராது. வெள்ளைக்காரன் நாட்டைக் குடுத்து ரெண்டு மூணு வருசம் ஆகியிருந்துச்சு. ஆனா எங்க பங்களாவுல வெள்ளைக்காரத் துரைதான் இன்னும் குந்திக்கிட்டு இருந்தாரு. பழைய கொழுந்து நிறுக்கிற கொட்டகைதான் எங்க வேதக்கோயில். சாமியார் மாசத்துக்கு ஒருக்கா பதுளையிலிருந்து வந்து பூசை வைப்பாரு. மத்த ஞாயித்துக்கிழமை எல்லாம் உபதேசியார் பாடு. அவரு எங்க தோட்டத்துலயே தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுற ஆளு. ஆறு நாள் கத்தியும் கையுமா மலையில நிப்பாரு, ஏழாம் நாள் வெள்ளை வேட்டி கட்டி, பழைய கோட்டு ஒன்னை மாட்டிக்கிட்டு எங்களுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவாரு. நல்ல மனுசன். அதையும் சொல்லிடணும்.

படத்துல மேல மோட்சம், நடுவுல பாவத்தைக் கழிக்கிற உத்தரிக்கிற ஸ்தலம், அடியில நரகம். மோட்சத்துல இருந்தவங்க எல்லாரும் செவச்செவன்னு துரை வீட்டுச் சனங்க மாதிரி இருந்தாங்க. நரகத்துலதான் நம்ம ஆளுங்க. இடுப்புல ஒரு துண்டு, கறுத்த உடம்பு, முறுக்கின மீசை. நெருப்புக்கு நடுவுல வாயைப் பொளந்துகிட்டு ஒரு ஆளு கையை மேல தூக்கிக்கிட்டு நின்னான். அந்த மீசை அச்சு அசல் எங்க அப்பா மீசை.

எங்க அப்பா மாரியம்மன் கோயில் ஆளு. அம்மா லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துல பொறந்த வேதக்காரி. எப்படிக் கட்டிக்கிட்டாங்க, யாரு சண்டை போட்டாங்கன்றதெல்லாம் வேற கதை. நான் ஒரே புள்ள, அம்மாவோட வேதத்துல வளர்ந்தேன். அப்பா ஒரு வார்த்தை தடுத்ததில்லை. மழை நாள்ல எங்களைக் கொட்டகை வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு, பூசை முடியிற மட்டும் வெளியில கம்பளியைப் போத்திக்கிட்டு பீடி குடிச்சுக்கிட்டு நிப்பாரு. உபதேசியார் பாஷையில அவரு அஞ்ஞானி. ஞானஸ்நானம் இல்லாத அஞ்ஞானி செத்தா எங்க போவான்னு உபதேசியார் கேப்பாரு. நாங்க எல்லாரும் ஒரே குரல்ல, நரகத்துக்குன்னு சொல்லணும். நானும் சொல்லுவேன். வெளியில அப்பா பீடி வாசம் வரும்.

எத்தனை காலத்துக்குன்னு அடுத்த கேள்வி. முடிவே இல்லாம. மலையில இருக்கிற தேயிலைச் செடியை எல்லாம் வருசத்துக்கு ஒரு இலையா ஒரு குருவி கொத்திக்கிட்டுப் போனா, மொத்த மலையும் மொட்டையான பொறகும் நரகத்துல முதல் நாள் முடிஞ்சிருக்காதுன்னு சொல்லுவாரு உபதேசியார். காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்துல நின்னு நான் மலையைப் பார்ப்பேன். எங்க பார்த்தாலும் பச்சை. அம்புட்டு இலை. ஆத்தாடி, அந்தக் குருவியை நினைச்சு நான் எத்தனை நாள் சோறு திங்காம இருந்திருக்கேன் தெரியுமா! ஒரு நாள் காலையில தேத்தண்ணி அடுப்புல விரலை வச்சுப் பார்த்தேன், எவ்வளவு நேரம் தாங்கும்னு. மூணு எண்ணலை, உயிர் போயிருச்சு. விரல் பொத்துப் போனதுக்கு அம்மா வேற ரெண்டு போட்டுச்சு.

அப்பாவுக்கு வேலை தேயிலை ஆக்குற ஸ்டோர்ல. தேயிலை காய வைக்கிற அடுப்புக்கு விறகு தள்ளுற வேலை. நாள் பூரா நெருப்புக்கு முன்னால நிக்கிற மனுசன், அவருக்கு நெருப்புன்னா பயமே கிடையாது. "அப்பா, நெருப்புல எரிஞ்சா எப்படி இருக்கும்?"னு கேட்டேன். "எரியிறவனத்தான் கேக்கணும். வந்து சொன்னவன் யாரு?"ன்னு சிரிச்சாரு. அந்தச் சிரிப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்துச்சு.

இதுக்கு நடுவுல உபதேசியார் எங்களுக்கு இன்னொன்னு சொல்லிக் குடுத்தாரு. தூரத்துத் தோட்டம், சாமியார் நெனைச்ச நேரத்துக்கு வர முடியாது. நாங்க குடியிருக்கிற லயத்து வரிசை வீட்டுல பொறக்கிற புள்ளைங்க பாதி நாள் தங்காமச் செத்துப் போகும். அதனால அவசரத்துக்கு யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாம், பத்து வயசுப் புள்ள கூட குடுக்கலாம்னாரு. பழகிக்கிறதுக்கு ஆளுக்கு ஒரு சவ்சவ் காய் கொண்டு வரச் சொன்னாரு. அதுதான் புள்ளையோட தலை. ஒரு கையில காயை ஏந்திக்கிட்டு, மத்த கையால தண்ணியை ஊத்திக்கிட்டே, ஒரு வேதப் பேரைச் சொல்லி, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவுடையவும் நாமத்தினாலே உன்னை ஞானஸ்நானம் பண்ணுகிறேன்னு சொல்லணும். தண்ணி தோல்ல ஓடணும். வாய் சொல்றதும் தண்ணி விழுறதும் ஒரே நேரத்துல நடக்கணும், முன்னப் பின்ன ஆச்சுன்னா செல்லாது. என் கூட இருந்த ஒருத்தி சிரிச்சுச் சிரிச்சுக் காயைக் கீழ போட்டுட்டா. "புள்ளையக் கொன்னுட்டியேடி!"ன்னாரு உபதேசியார். எல்லாரும் சிரிச்சோம். அன்னைக்கு மட்டும்தான் அந்தக் கொட்டகையில நான் வயிறு வலிக்கச் சிரிச்சேன். அம்மா அந்தச் சவ்சவ்வைச் சாயங்காலம் கறி வச்சுச்சு.

எனக்குப் பதினோரு வயசு நடக்கையில அப்பா படுத்துட்டாரு. அடுப்புச் சூட்டுல நின்னுட்டு வேர்வையோட மழையில இறங்கினதுதான் காரணம். நாலாம் நாள் தோட்டத்து டாக்டர் ஐயா வந்து நெஞ்சுல குழாயை வச்சுப் பார்த்தாரு. "ரெண்டு பக்கமும் சளி கட்டிருச்சு. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலைன்னா தாங்காது"ன்னு அம்மாகிட்ட சொன்னாரு. ரோட்டுல மண் சரிஞ்சு கெடந்துச்சு. லொறிக்குக் கேட்டு அம்மா பங்களாவுக்கு ஓடுச்சு. பகல் ரெண்டு மணி இருக்கும். லயத்துச் சனம் எல்லாம் மலைக்குப் போயிருந்துச்சு. எங்க வீட்டு ஒத்தைக் காம்பராவுக்குள்ள நானும் அப்பாவும் மட்டும்தான்.

மூச்சு கரகரன்னு இழுத்துச்சு. ஒவ்வொரு இழுப்புக்கும் அடுத்தது வருமா வராதான்னு நான் அவரு வாயையே பார்த்துக்கிட்டு இருந்தேன். படத்துல இருந்த ஆளு மாதிரியே வாய் பொளந்து கெடந்துச்சு. இன்னும் கொஞ்ச நேரத்துல அப்பா அங்க போயிருவாரு, முடிவே இல்லாம அங்கயே நிப்பாரு, நானும் அம்மாவும் மேல துரைமாரோட உக்காந்து கீழ பார்த்துக்கிட்டு இருக்கணும். அதுதான் என் மனசுல ஓடுச்சு. வேற ஒன்னும் ஓடலை.

செம்புல தண்ணி மொண்டேன். அவசரத்துல பாதி தண்ணி தரையில போச்சு. அவரு காதுகிட்ட குனிஞ்சு, "அப்பா, நரகத்துக்குப் போகாதீங்கப்பா. தண்ணி ஊத்தட்டுமா?"ன்னு அழுதுகிட்டே கேட்டேன். கண்ணு மூடியபடியே இருந்துச்சு. பேரு வைக்கணுமே, என்ன பேரு வைக்கிறது? ஒன்னும் ஓடலை. "அப்பா"ன்னே சொல்லி ஊத்தினேன். உபதேசியார் சொல்லிக் குடுத்தது 'உன்னை'ன்னு. பெத்த தகப்பனை எப்படி உன்னைன்றது? 'உங்களை'ன்னு சொன்னேன். நெத்தியில ஓடித் தலகாணி நனைஞ்சுச்சு. பாவாடையால துடைச்சுட்டு, கம்பளியை இழுத்துப் போத்திவிட்டுட்டு, மூலையில போயி உக்காந்துகிட்டேன்.

மண்ணை வெட்டித் தள்ளி மறுநாள் காலையில லொறி வந்துச்சு. பதினஞ்சு நாள் பதுளை ஆஸ்பத்திரியில கெடந்து, எலும்பும் தோலுமா எழும்பி வந்தாரு அப்பா. நான் யாருகிட்டயும் வாயைத் தொறக்கலை. ஆனா உள்ளுக்குள்ள ஒரே பெருமை. நான் ஊத்தின தண்ணிதான் காப்பாத்துச்சு, இனிமே அப்பா செத்தாலும் பயமில்லைன்னு நெனைச்சுக்கிட்டேன். அந்தப் படத்தைக் கூட நேருக்கு நேரா பார்த்தேன், மீசைக்காரன் யாரோ வேற ஆளுன்னு.

அந்த நிம்மதி எத்தனை நாளைக்கு? அப்பா ஒரு நாள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில வெயில் காய்ஞ்சுக்கிட்டே அம்மாகிட்ட சொன்னாரு: "ஆஸ்பத்திரியில கெடக்கும்போது ஆத்தாளுக்கு நேர்ந்துக்கிட்டேன். எழும்பி நடந்தேன்னா உன் பூக்குழியில நடக்குறேன்னு." எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுல தீ மிதிக்கிறது உண்டு. முந்தியும் ஒரு ரெண்டு தடவை அப்பா மிதிச்சிருக்காரு. அம்மா சரின்னும் சொல்லலை, வேணாம்னும் சொல்லலை. எனக்கு அப்பக்கூட ஒன்னும் உறைக்கலை.

உறைச்சது அடுத்த ஞாயித்துக்கிழமை. உபதேசியார் படத்துல அடியிலும் அடியா, ஒரு மூலையில கெடக்கிற குழியைக் குச்சியால தொட்டுக் காட்டினாரு. "இது யாருக்கு தெரியுமா? அஞ்ஞானிக்கு இல்லை. அஞ்ஞானி தெரியாம செய்யிறான். ஞானஸ்நானம் வாங்கின பொறகு திரும்பவும் விக்கிரகத்துக்கு முன்னால போயி விழுறான் பாரு, அவனுக்கு. அவன் சேசுவை ஏத்துக்கிட்டு மூஞ்சியில துப்பினவன். அவனுக்குச் சாக்குப்போக்கே கிடையாது."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சுன்னு சொல்லுவாங்களே, அதுதான். தெரியாம செய்யிற அஞ்ஞானியா இருந்த மனுசனைத் தண்ணி ஊத்தி அடிக்குழிக்கு ஏத்த ஆளா ஆக்கி வச்சிருக்கிறது யாரு? நான். பெத்த மக. வீட்டுக்கு வந்து வாந்தி எடுத்தேன்.

அப்பாவுக்குக் காப்புக் கட்டினாங்க. எட்டாம் நாள் தீ மிதி. அந்த எட்டு நாளும் நான் பட்ட பாடு இருக்கே! சொல்லிரலாம்னு வாயைத் தொறப்பேன். சொன்னா அப்பா என்ன நினைப்பாரு? வேதத் தண்ணி பட்ட ஒடம்போட காப்புக் கட்டினதுக்கு ஆத்தா சும்மா விடுவாளா, தீட்டோட இறங்கினா காலு வெந்துரும்னு லயத்துல எல்லாரும் சொல்லுவாங்களே. சொல்லாம விட்டா அடிக்குழி. சொன்னா பூக்குழி. இருதலைக் கொள்ளி எறும்புன்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கோம், அது சும்மா பேச்சுக்குச் சொல்றதுன்னு நெனைச்சிருந்தேன்.

கடைசியில அஞ்சாம் நாள் பள்ளிக்கூடம் விட்ட பொறகு மாஸ்டர்கிட்ட போனேன். எங்க தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒரே மாஸ்டர், யாழ்ப்பாணத்து மனுசன். அவரும் வேதக்காரர்தான், ஆனா வேற சபை. படம், குழி, உத்தரிக்கிற ஸ்தலம் எதுவும் அவங்ககிட்ட இல்லைன்னு அம்மா சொல்லியிருக்கு. அவருகிட்ட கேட்டா உபதேசியார் காதுக்குப் போகாதுன்னு ஒரு தைரியம். போயிப் பார்த்தா உபதேசியாரே அங்க குந்திக்கிட்டு இருக்காரு! அப்ப தோட்டத்துச் சனம் எல்லாம் இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கேட்டுப் பாரம், அதான் விண்ணப்பம், நிரப்புற காலம். இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரே ஆளு மாஸ்டர். உபதேசியார் தன்னோட பாரத்தை நிரப்ப வந்திருந்தாரு. திரும்பி ஓடலாம்னா மாஸ்டர் பார்த்துட்டாரு.

"என்ன பிள்ளை, இஞ்ச வா. என்ன வேணும்?"

ஓடுறதுக்கு வழி இல்லை. "ஒரு ஆளு தூங்கும்போது இன்னொரு ஆளு ஞானஸ்நானம் குடுத்துட்டா, பொறகு அந்த ஆளு பூக்குழி மிதிச்சா, நரகத்துல அடிக்குழிக்குத்தான் போவாரா?"ன்னு ஒரே மூச்சுல கேட்டுட்டேன்.

மாஸ்டர் பேனாவைக் கீழ வச்சாரு. என்னைப் பார்க்கலை, உபதேசியாரைத்தான் பார்த்தாரு. "பாரும் ஐயா. சின்னப் பிள்ளையளின்ர தலைக்குள்ள என்னத்தைப் போட்டு வைச்சிருக்கிறீர் எண்டு பாரும்."

"இருக்கிறதத்தானுங்க மாஸ்டர் ஐயா சொல்றேன். நரகம் இல்லைன்னு சொல்றீங்களா?"

"இல்லை எண்டு நான் சொல்லேல்லை. என்னத்துக்கு எண்டு கேக்கிறன். ஒரு தேப்பன் பிள்ளையை அடிக்கிறான் எண்டால் திருந்தட்டும் எண்டுதான் அடிப்பான். முடிவில்லாமல் அடிச்சுக்கொண்டே இருக்கிறவனைத் தேப்பன் எண்டு சொல்லுவியளோ? அந்த நெருப்பு அவியாது எண்டு எழுதிக் கிடக்கு, சரி. அதுக்குள்ள விழுந்தவன் சாம்பலாய்ப் போகாமல் எரிஞ்சுகொண்டே இருப்பான் எண்டு எங்க கிடக்கு?"

"சாம்பலாப் போயிட்டா அது தண்டனையாங்க? அது தூக்கம்."

"அப்ப உமக்கு அவன் எரியவேணும். அதுதான் உம்மட ஆசை."

நான் நடுவுல நின்னு மாறி மாறி ரெண்டு பேரு வாயையும் பார்த்தேன். ஸ்டோர்ல கொழுந்தை நெருப்புல போடுறது அழிக்கவா, தேயிலையாக்கத்தானே, கடவுளோட நெருப்பும் அப்படித்தான்னு மாஸ்டர் சொன்னாரு. மலையில புடுங்கின புல்லையும் நெருப்புலதான் போடுறோம், அது என்ன தேயிலையாவா வருதுன்னு உபதேசியார் கேட்டாரு. என் கேள்வி எங்கயோ போயிருச்சு. பெரியவங்க சண்டையில சின்னவங்க கேள்விக்கு எப்பவும் அதே கதிதான்.

அப்புறம் உபதேசியார் எழும்பி நின்னாரு. மேசை மேல கெடந்த பாரத்தைத் தொட்டுக் காட்டினாரு. "மாஸ்டர் ஐயா, நீங்க படிச்சவங்க. உங்களுக்கு அரசாங்கக் கச்சேரி இருக்கு, வழக்குப் பேசக் கோடு இருக்கு, ஓட்டு இருக்கு. என்னோட பாட்டன் இந்த மலையை வெட்டினான். இப்ப என்னைப் பார்த்து நீ இந்த நாடுதான்னு எழுதிக் காட்டுன்றாங்க. எங்க அக்காவை ஒரு துரை வயித்துல மிதிச்சான். புள்ளையும் போச்சு, அவளும் போயிட்டா. அவன் பென்சன் வாங்கிக்கிட்டு சீமைக்குப் போயி ரோசாப்பூ வளர்த்துக்கிட்டு இருக்கான். அவனுக்கு நரகம் இல்லைன்னா எங்களுக்குச் சாமியே இல்லைங்க. அவன் சாம்பலாப் போகக் கூடாது. எரியணும்."

கூரைத் தகரத்துல மழை விழ ஆரம்பிச்சுச்சு. மாஸ்டர் மெதுவா, "ஓம். விளங்குது"ன்னாரு. அப்புறம் என்னைக் கையால காட்டினாரு. "ஆனால் அந்தத் துரைக்கெண்டு நீர் மூட்டின நெருப்புக்குள்ள இப்ப இந்தப் பிள்ளையின்ர தேப்பன் எல்லோ நிக்கிறான்."

அய்யோ, யாருன்னு நான் சொல்லவே இல்லையே! எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. தோட்டத்துல இந்த வருசம் காப்புக் கட்டினவங்களை எல்லாருக்கும் தெரியும், சாகக் கெடந்து எழும்பினது யாருன்னும் தெரியும். உபதேசியார் என் பக்கத்துல வந்து குந்தினாரு. அவரு மேல கவ்வாத்துச் சாறு வாசம் அடிச்சுச்சு.

"அப்பாவுக்கு ஊத்துனியா?"

தலையை ஆட்டினேன்.

"அப்பா கேட்டாரா, ஊத்துன்னு?"

"இல்லை."

"சரின்னாரா?"

"கண்ணை மூடித் தூங்கிக்கிட்டு இருந்தாரு."

உபதேசியார் பெருமூச்சு விட்டாரு. நான் சின்னப் புள்ளைங்களுக்கு ஊத்தத்தானே சொல்லிக் குடுத்தேன், பெரிய ஆளுன்னா அவரு மனசுல விரும்பணும், அதைச் சொல்லித் தராதது என் தப்புன்னாரு. விருப்பம் இல்லாம, தெரியாம ஊத்தினது செல்லாது. உங்க அப்பா இப்பவும் முன்ன மாதிரித்தான், அஞ்ஞானி, தெரியாம செய்யிறவரு. அவரைச் சர்வேசுரன் எப்படிப் பார்ப்பாருன்னு என்னால சொல்ல முடியாது, ஆனா அடிக்குழி அவருக்கு இல்லைன்னாரு. மாஸ்டரும், "அது வெறும் தண்ணிதான் பிள்ளை. போய்ச் சாப்பிடு"ன்னாரு. அவங்க ரெண்டு பேரும் ஒத்துப் போனது அந்த ஒன்னுலதான்.

மழையில நனைஞ்சுகிட்டே லயத்துக்கு ஓடினேன். தூங்கிட்டாரு, தூங்கிட்டாரு, தூங்கிட்டாருன்னு வாய்க்குள்ள சொல்லிக்கிட்டே ஓடினேன்.

தீ மிதி அன்னைக்கு சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கோயில்ல கூட்டம். வேதக்காரப் புள்ளைங்க அங்க போகக் கூடாது, பார்க்கிறதே பாவம். போனேன். என்ன பாவமோ பார்த்துக்கலாம்னு போனேன். அம்மாவும் முக்காட்டைப் போட்டுக்கிட்டுத் தூரத்துல ஒரு மரத்தடியில நின்னுச்சு, முந்தானைக்குள்ள செபமாலை உருட்டிக்கிட்டு. தேயிலை வேரும் சவுக்கு விறகும் வெந்து குழி செக்கச்செவேல்னு கெடந்துச்சு. பத்தடி தள்ளி நிக்கிற எனக்கே மொகம் காந்துச்சு. தப்பு மேளம் அடிக்க அடிக்க நான் அப்பாவைத் தேடினேன். மஞ்சத்துணி கட்டிக்கிட்டு அப்பா வந்தாரு. காய்ச்சல்ல வத்தின ஒடம்பு, விலா எலும்பு தெரிஞ்சுச்சு. எல்லாரும் ஓடி ஓடிக் கடந்தாங்க. எங்க அப்பா மட்டும் ஸ்டோருக்கு வேலைக்குப் போற மாதிரி நடந்தாரு. ஒன்னு, ரெண்டு, மூணு. விரல் பொத்துப் போன கணக்கு எனக்குத் தெரியுமே, மூணுக்கு மேல தாங்காதே. நாலு, அஞ்சு, ஆறு. அப்புறம் பால் ஊத்தின குழியில காலை வச்சாரு.

நான் நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்தப்ப அவரு சிரிச்சுக்கிட்டு இருந்தாரு. காலு வேகலை. ஆத்தா சும்மா விட்டுட்டாள்னா தண்ணி வெறும் தண்ணிதான். தூங்கினது நெசம்தான். எனக்கு இருந்த சந்தோசத்துல கூட்டத்துக்கு நடுவுல குதிச்சேன். அம்மா தூரத்துலயிருந்து முறைச்சுச்சு.

மறுநாள் தோட்டத்துக்கு லீவு. அப்பா இஸ்தோப்புல காலை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. நான் அவரு உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்தேன். காய்ப்புக் காய்ச்ச காலு, ஒரு கொப்புளம் இல்லை. பயம்தான் போயிருச்சே, இனிமே சொல்றதுக்கு என்னன்னு நானா வாயை விட்டேன். "அப்பா, நான் ஒன்னு சொன்னா அடிக்க மாட்டீங்களே. நீங்க காய்ச்சல்ல தூங்கும்போது நான் உங்க தலையில வேதத்துத் தண்ணி ஊத்திட்டேன்."

அப்பா சிரிச்சாரு. "தெரியுமே."

"அம்மா சொல்லுச்சா?"

"அம்மாவுக்குத் தெரியாது. நான் எங்க புள்ள தூங்குனேன்? கண்ணைத் தொறக்கத்தான் முடியலை. காது நல்லாத்தான் கேட்டுச்சு. நரகத்துக்குப் போகாதீங்கப்பா, ஊத்தட்டுமான்னு நீ அழுத." என் தலையில கை வச்சாரு. "எப்படியும் சாகத்தானே போறோம். பொண்டாட்டி புள்ள பின்னால எந்த எடத்துக்கு வரப் போகுதோ, அங்கயே முன்ன போயி எடம் புடிச்சு வைப்போம்னு நெனைச்சேன். ஊத்து தாயின்னு மனசுல சொன்னேன். வாய்தான் வரலை."

அவரு அதை எனக்குக் குடுக்கிற மாதிரி சொன்னாரு. மக ஆசைப்பட்டதுக்குத் தான் சம்மதிச்ச சந்தோசம் அவரு மூஞ்சியில இருந்துச்சு. நான் அவரு காலுலயிருந்து கையை எடுத்துட்டேன். மனசுல விரும்பணும், விரும்பினா செல்லும்னு உபதேசியார் சொன்னது காதுல கேட்டுச்சு. விரும்பியிருக்காரு. எங்களுக்காக விரும்பியிருக்காரு. தெரிஞ்சு, சரின்னு சொல்லி வாங்கிட்டு, நேத்து எல்லாரு முன்னாலயும் ஆத்தா பூக்குழியில நடந்து போயிருக்காரு.

"இல்லப்பா. நீங்க தூங்கிட்டீங்க."

"இல்ல புள்ள, முழிச்சுத்தான்…"

"தூங்கிட்டீங்க! தூங்கிட்டேன்னு சொல்லுங்க!" நான் கத்தின கத்துல பக்கத்துக் காம்பராக் கதவு தொறந்துச்சு. அவரு காலைப் புடிச்சுக்கிட்டேன். "சொல்லுங்கப்பா. தூங்கிட்டேன்னு சொல்லுங்க. சாமி சத்தியமா சொல்லுங்க."

அப்பாவுக்கு ஒன்னும் விளங்கலை. தீயில நடக்கும்போது வராத பயம் அப்பத்தான் அவரு கண்ணுல வந்துச்சு, என்னைப் பார்த்து. என் தலையை இழுத்து மடியில வச்சுக்கிட்டாரு.

"சரிம்மா, சரி. அழாத. அப்பா தூங்கிட்டேன். சாமி சத்தியமா தூங்கிட்டேன்."

பொய்ச் சத்தியமும் நரகத்துக்குக் கொண்டு போற சாவான பாவம்தான்னு மடியில கெடக்கும்போதே எனக்கு ஞாபகம் வந்துச்சு.